சந்தையில் விற்கும் அச்சுப்படத்தில் 12/50 என்று எழுதுவது ஏமாற்றா?

கிடுகுவேலி எழுதியது:

வேப்பமரத்தடி என்ற பெயரில் எழுதும் ஐயா நேற்று இன்னோர் உரையாடல் இழையில் ஒரு தீர்ப்பை வழங்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் வார இறுதியில் கூடும் திறந்தவெளிச் சந்தையில் ஓவியர்கள் விற்கும் அச்சுப்படங்கள் எல்லாம் வெறும் நிறப் போட்டோக்கொப்பிகள் என்றும், அவற்றின் கீழ் பென்சிலால் 12/50, அதாவது ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது, என்று எழுதிக் கையொப்பம் இடுவது வாங்குபவரின் கண்ணில் மண்ணைத் தூவும் வேலை என்றும் எழுதியிருந்தார். அந்தச் சந்தையில் மேசை போட்டு விற்பவர்களில் நானும் உண்டு என்பதால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னுடைய மூல ஓவியம் ஒன்றின் விலை 35,000 ரூபா. அந்த விலையை மாதச் சம்பளக்காரர் ஒருவர் கொடுக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதே ஓவியத்தை உயர்ந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்து நிறத்தைத் திருத்தி, அமிலம் அற்ற பருத்தித் தாளில், வெயிலுக்கு எளிதில் வெளிறாத நிறமி மையால் அச்சிட்டு 4,500 ரூபாவுக்குக் கொடுக்கிறேன். ஐம்பது பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை. எந்த எண் எந்த மாதத்தில் விற்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். 12/50 என்பது நான் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. அதை ஏமாற்று என்று சொல்பவர் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

வேப்பமரத்தடி எழுதியது:

தம்பி, காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன். பிரதிகளுக்கு எண் இடும் வழக்கம் தகட்டிலும் கல்லிலும் கை நோக அச்சிட்டவர்களிடம் ஒரு பொருளோடு இருந்தது. செப்புத் தகட்டில் ஊசியால் நேரே கீறும் முறையில், கீறலின் ஓரத்தில் எழும் நுண்ணிய செப்புப் பிசிறுதான் மையைப் பிடித்து அந்த வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. உருளையின் அழுத்தத்தில் சில பத்துப் பிரதிகளுக்குள் அந்தப் பிசிறு அமுங்கிவிடும். ஆகவே முதல் பிரதிகளுக்கும் பின்னால் வந்த பிரதிகளுக்கும் கண்ணால் காணக்கூடிய வேறுபாடு இருந்தது. இத்தனைக்கு மேல் அச்சிட முடியாது என்ற எல்லையைத் தகடே விதித்தது.

உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு எப்போது தேய்ந்தது? ஐம்பதாவது பிரதியும் ஐயாயிரமாவது பிரதியும் அச்சொட்டாக ஒன்றுபோலவே வரும். நீங்கள் ஐம்பதையும் ஒரே நாளில் அச்சிடுவதுமில்லை. விற்க விற்க அச்சிடுகிறீர்கள். அப்படியானால் 12 என்பது அச்சின் எண் அன்று, விற்பனையின் எண். பற்றுச்சீட்டில் போட வேண்டிய எண்ணைப் படத்தின் கீழ் போடுகிறீர்கள்.

ஸ்காபரோவாசி எழுதியது:

நான் சென்ற வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது அந்தச் சந்தையில் ஓர் அச்சுப்படம் வாங்கினேன். கோட்டை மதிலும் முன்னால் ஒரு சைக்கிளும் உள்ள படம். கீழே 50 பிரதிகளில் ஒன்று என்று எண் இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் அதே படம், அதே கையொப்பம், கொஞ்சம் பெரிய அளவில் மாட்டியிருக்கிறது. அதில் 8/30 என்று எழுதியிருக்கிறது. இப்போது உலகத்தில் அந்தப் படத்துக்கு ஐம்பது பிரதிகளா, எண்பது பிரதிகளா? நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பணம் கொடுத்தவனுக்கு அதை அறியும் உரிமை இருக்கிறது.

கிடுகுவேலி எழுதியது:

முதலில் வேப்பமரத்தடி ஐயாவுக்கு: நான் தம்பி அல்லேன், பெண். சந்தையில் மேசை போட்டு விற்பவர் என்றதும் ஆண் என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டது போலவே, என் கோப்பைப் பற்றியும் நீங்களே தீர்மானித்துக்கொள்கிறீர்கள்.

ஸ்காபரோவாசிக்கு: அளவு வேறானால் அது வேறு பதிப்பு. அந்த அளவில் ஐம்பது, பெரிய அளவில் முப்பது என்று படத்தின் பின்புறத்தில் அளவோடு எழுதும் ஓவியர்கள் பலர் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். நீங்கள் வாங்கியது என்னிடமா என்று எனக்குத் தெரியாது. பின்புறத்தைப் பாருங்கள்.

தகடு தேய்வதைப் பற்றி ஐயா எழுதியது உண்மை. ஆனால் எண்ணுக்கு மதிப்புக் கொடுத்தது தேய்மானம் மட்டுமே என்பது உண்மையன்று. மரக்கட்டை அச்சு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கூடத் தாங்கும். செப்புத் தகட்டுக்கு உருக்கு முலாம் பூசித் தேய்மானத்தைத் தடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பென்சில் கையொப்பமும் பிரதி எண்ணும் வழக்கமாகப் பரவியது அதற்குப் பிறகுதான். தகடு நின்று பிடிக்கும், ஆனாலும் இத்தோடு நிறுத்துகிறேன் என்று ஓவியர் சொன்னதுதான் அந்த எண். வாங்குபவர்கள் ஓவியரின் சொல்லுக்கே பணம் கொடுத்தார்கள்.

சந்தையில் விற்பதை இழிவாக எழுதும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பழைய ஓவியர் டியூரர் தன் அச்சுப்படங்களைச் சந்தைகளில்தான் விற்றார். அவருடைய மனைவி அக்னஸ் பிராங்போர்ட் சந்தைக்கு அவற்றைக் கொண்டுபோய் விற்றவர். கொழும்பில் 1993இல் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரிலான மன்றம் தொடங்கிய கலா பொல என்ற கலைச் சந்தை நடப்பது கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதியோரத்தில், திறந்தவெளியில். அங்கே போய் நின்றால் கலை, யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைக் காற்றில் நின்றால் மோசடி என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

வேப்பமரத்தடி எழுதியது:

பிள்ளை, சந்தையை நான் இழிவாக எழுதவில்லை. நான் எழுதியது 12/50 பற்றி மட்டும். நீங்கள் டியூரரை அழைத்து வந்தது எனக்கு உதவி. டியூரர் எண் எழுதவில்லை. தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைக் கட்டையிலேயே செதுக்கினார். அவருடைய படங்களை வெனிஸ் நகரில் வேறொருவர் பார்த்துச் செதுக்கி விற்றபோது அவர் முறையிட்டதாகவும், அந்த எழுத்துகளைப் போடக்கூடாது என்று மட்டும் அங்கே தீர்ப்பாயிற்று என்றும் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய இத்தாலியர் வசாரி எழுதியிருக்கிறார். கையொப்பம் ஓவியருடையது, அதை நான் மறுக்கவில்லை. எண் எவருக்கும் சொந்தமன்று, யாரும் எழுதலாம்.

ஓவியரின் சொல் போதும் என்கிறீர்கள். சல்வடோர் டாலியும் ஓவியர்தான். 1974இல் அந்தோரா என்ற சிறு ஐரோப்பிய நாட்டுக்குப் போன வாகனம் ஒன்றில் அவர் கையொப்பமிட்ட வெற்றுத் தாள்கள் பல்லாயிரக்கணக்கில் பிடிபட்டன. படம் இல்லை, கையொப்பம் மட்டும் இருந்தது. உலகப் புகழ் பெற்றவரின் சொல்லே அப்படியென்றால், ஐம்பதோடு நிறுத்திக் கணினிக் கோப்பை அழிப்பதை யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்பது பிழையா?

என்னிடம் சித்திரம் படித்த பிள்ளைகள் இன்று பல பாடசாலைகளில் சித்திர ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது லினோலியம் விரிப்பில் படம் வெட்டிக் கையால் உருட்டி அச்சிட்டதற்கு எண் எழுதினால் நான் மாலை போடுவேன். நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கு எழுதுகிறீர்கள்.

சட்டக்கடை எழுதியது:

இருவரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் ஊரில் அச்சுப்படத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை வெயிலும் கடற்காற்றும் இராமபாணப் பூச்சியும்தான். சாதாரணச் சாய மையில் அச்சிட்டதை மேற்குப் பார்த்த சுவரில் மாட்டினால் முதலில் சிவப்புப் போகும், பிறகு முகம் நீலம் பாரித்துவிடும். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் அட்டை வைத்து இடைவெளி விடாமல் சட்டம் போட்டால் மாரியில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நிறமி மை என்று சொல்லிச் சாய மையில் அச்சிட்டு விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கேளுங்கள்.

கிடுகுவேலி எழுதியது:

சட்டக்கடை அண்ணைக்கு நன்றி, ஆனால் யாரோ ஒருவர் சாய மையில் அச்சிட்டதை என் தலையில் கட்ட வேண்டாம். என் மேசையில் மையின் பெயரும் தாளின் எடையும் எழுதி வைத்திருக்கிறேன். 2022இல் தாள் இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன காலத்தில், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பருத்தித் தாளுக்கு நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும். அப்போதும் சாதாரணத் தாளுக்கு மாறவில்லை, அச்சிடுவதை நிறுத்தினேன்.

பொத்தானை அழுத்தினேன் என்று எழுதிய ஐயாவுக்கு: 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது கல்லில் நிறம் பிரித்தவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களிடம் பழகியவர்களும். ரவிவர்மா உருளையைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த இலட்சுமியும் சரஸ்வதியும் எத்தனை வீடுகளின் சுவாமி அறைகளில் இருந்து பூவும் பொட்டும் ஏற்றன என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். மூல ஓவியம் அரண்மனையில் இருந்தது. சனங்களிடம் வந்தது அச்சு.

எங்கள் ஊரில் அச்சு எதற்கு வேண்டும் என்று இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 அன்று போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தின் வலிகாமமே வெளிக்கிட்டுக் கைதடிப் பாலத்தைக் கடந்தபோது, சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தைக் கழற்றிக்கொண்டு போனவர் எத்தனை பேர்? ஒரே ஒரு பிரதியாக இருந்தவை அந்தச் சுவர்களோடு போயின. ஐம்பது வீடுகளில் ஐம்பது பிரதிகள் இருந்திருந்தால், கனடாவிலோ கொழும்பிலோ ஒன்றாவது மிஞ்சியிருக்கும். நான் ஒவ்வொரு படத்தையும் அச்சிடும்போது இதை நினைத்துத்தான் அச்சிடுகிறேன்.

வேப்பமரத்தடி எழுதியது:

1995இல் நான் இழந்தவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் சொன்னது பிரதி எடுப்பதற்கான காரணம். எண் எழுதுவதற்கான காரணம் அன்று. உண்மையில் அதற்கு எதிரான காரணம். ஐம்பது வீடுகளில் இருந்தால் நல்லது என்றால் ஐந்நூறு வீடுகளில் இருந்தால் இன்னும் நல்லதல்லவா? ரவிவர்மாவின் சரஸ்வதியில் 12/50 என்று எழுதியிருந்ததா? சனங்களுக்காக என்கிறீர்கள், பிறகு ஐம்பதோடு கதவைச் சாத்துகிறீர்கள். சாத்துவது விலைக்காக. விலைக்காக என்று நேரே எழுதுங்கள், நான் இந்த இழையை விட்டுப் போகிறேன்.

படத்திலும் புதிதாக எதுவும் இல்லை. பனை, கிடுகு வேலி, கோட்டை, சைக்கிள். வெளிநாட்டிலிருந்து வருபவரின் ஏக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த படங்கள்.

ஸ்காபரோவாசி எழுதியது:

நீங்கள் ஏக்கம் என்று எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஐயா. நான் பிறந்த வீட்டுக்குக் கிடுகு வேலிதான் இருந்தது. அதை என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் வாங்கியது குற்றமா? வெளிநாட்டுக்காரர் பணம் வேண்டும், அவர்களின் விருப்பம் மட்டும் வேண்டாமா? என் கேள்விக்கும் இன்னும் நேரான பதில் வரவில்லை. பின்புறத்தைப் பார்த்தேன், சட்டத்தின் அட்டை ஒட்டியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

நாச்சிமார்கோயிலடி எழுதியது:

வேப்பமரத்தடி எல்லா இழையிலும் இப்படித்தான். கோபுரத்துக்கு எனாமல் வர்ணம் பூசுவது பற்றிய இழையில், பழைய நிறம் எது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நின்றார். அங்கே கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் தரவில்லை.

வேப்பமரத்தடி எழுதியது:

கோபுரத்தைப் பற்றி அந்த இழையில் பேசுவோம். அங்கே நான் சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

கிடுகுவேலி எழுதியது:

விலைக்காகவும்தான், ஐயா. அதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. ஐந்நூறு அச்சிட்டால் ஒன்றை 600 ரூபாவுக்கு விற்க வேண்டும்; அந்த விலைக்குப் பருத்தித் தாளும் வராது, நிறமி மையும் வராது, சட்டக்கடை அண்ணை சொன்ன நீல முகம்தான் வரும். ஐம்பதில் நிறுத்துவதால்தான் நல்ல தாளில் கொடுக்க முடிகிறது, அடுத்த ஓவியத்தைத் தீட்டவும் நேரம் கிடைக்கிறது. ஆனந்த குமாரசுவாமி இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை 1908இல் கை அச்சகத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டார். அவர் சனங்களுக்குக் கதவைச் சாத்தினார் என்று சொல்வீர்களா? நல்ல தாளில், நல்ல அச்சில் கொண்டுவர அவருக்கு அந்த அளவுதான் முடிந்தது.

பனையும் வேலியும் எனக்குக் கிடைத்த ஊர். வேறு ஊரைத் தீட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

ஸ்காபரோவாசிக்கு: சட்டத்தின் பின் அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். என்னுடையது என்றால் அளவும் பதிப்பும் தாளிலேயே பென்சிலால் எழுதியிருக்கும். இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள்.

சட்டக்கடை எழுதியது:

கழற்றும்போது கவனம். பசை போட்டு ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், தாளின் மேற்பரப்பு உரிந்துவிடும். பலர் இப்படித்தான் பாழாக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

குமாரசுவாமி 425 என்றால் 425தான். அச்சுக் கோத்த ஈய எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால் பக்கம் முடிந்தது. மறுபடி வேண்டுமென்றால் எழுத்தெழுத்தாகக் கோக்க வேண்டும். உங்கள் கோப்பை நீங்கள் எப்போது பிரித்துப் போட்டீர்கள்? ஐம்பதாவது பிரதி விற்ற பிறகு எந்த ஓவியத்தின் கோப்பை, யார் முன்னிலையில் அழித்தீர்கள்? இத்தனை நீளமாக எழுதியும் இந்த ஒரு கேள்வியைத் தொடவில்லை.

கிடுகுவேலி எழுதியது:

கோப்பை அழிக்க மாட்டேன். மூல ஓவியம் எரிந்தாலோ கறையான் அரித்தாலோ என்னிடம் மிஞ்சுவது அது ஒன்றுதான். 1995ஐப் பற்றி எழுதியதை வாசித்த பிறகும் அழிக்கச் சொல்கிறீர்கள் என்றால் உங்களோடு எப்படிப் பேசுவது? கோப்பு என்னிடம் இருக்கும், ஐம்பத்தோராவது பிரதி இருக்காது. என் கொப்பி மேசையில் இருக்கிறது. ஞாயிறு மாலை வந்து புரட்டிப் பாருங்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

கொப்பியும் உங்கள் கையெழுத்து, எண்ணும் உங்கள் கையெழுத்து. எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? நான் வரமாட்டேன்.

ஸ்காபரோவாசி எழுதியது:

அட்டையைக் கழற்றினேன். அளவு எழுதியிருக்கிறது, பதிப்பைப் பற்றி எதுவும் இல்லை. கையெழுத்து கிடுகுவேலியுடையதா என்று எனக்குத் தெரியாது. ஐம்பதா, எண்பதா?