நம்ம வீடு குழு: அப்பாவின் காலை நடை

ரேவதி: அப்பா நடக்கப் போன இடத்தில் கை நடுங்கி, வேர்த்து உட்கார்ந்துவிட்டார். இப்போது பரவாயில்லை. யாரும் ஃபோன் போட்டுத் திட்ட வேண்டாம்.

கண்ணன்: சுகர்?

ரேவதி: வீட்டுக்கு வந்ததும் குத்திப் பார்த்தோம், 62. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபின் 104.

மீனா அத்தை: அண்ணா சாப்பிட்டாரா?

ரேவதி: மாத்திரை மட்டும். ஒரு மணி நேரம் நடை வேறு.

மீனா அத்தை: 🤦

ராமு சித்தப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். சில மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். நடக்கும்போது தசையும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் இறங்காமல் என்ன செய்யும்? 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு டீஸ்பூன். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏற்றும்.

கண்ணன்: அப்படியானால் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சாக்லேட் யாருக்கு?

ராமு சித்தப்பா: அது பொதுவாக.

மீனா அத்தை: 20 வருஷமாகப் பொதுவாகத்தான் இருக்கிறது

அப்பா: ஏ1சி 8.4 என்று ரிப்போர்ட் வந்ததும் நட நட என்றீர்கள். நடந்தேன்.

ராமு சித்தப்பா: ஒரே நாளில் கணக்கைத் தீர்க்கச் சொல்லவில்லை அண்ணா. ஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி. வாரத்துக்கு 150 நிமிடம், அரை மணி வீதம் ஐந்து நாள் போதும். சாப்பிட்டுப் பத்து நிமிடம் நடந்தாலே ஏறுவது குறையும். அப்புறம், தட்டில் பாதி காய்கறி

அப்பா: என் எக்சர்சைஸ் சைக்கிளைத் திருப்பிக் கொடு. வீட்டிலேயே மிதிக்கிறேன்.

ராமு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி: அதில் துணி காய்கிறது. நானே பார்த்தேன்.

மீனா அத்தை: சைக்கிளும் அந்த நிலம் மாதிரிதானா?

கண்ணன்: அத்தை 😶

ரேவதி: ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வாருங்கள். கேக் வேண்டாம்தானே?

கண்ணன்: பாப்பா பிறந்தநாளுக்குக் கேக் இல்லாமலா?

அப்பா: எனக்குச் சின்னத் துண்டு.

அம்மா: பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இவர் சொல்லும் சின்னத் துண்டு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

ரேவதி: சரி, மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் யார் கேட்பது? நாளை எனக்கு லீவு இல்லை.

மீனா அத்தை: ராமு போகட்டும்

ராமு சித்தப்பா: போகிறேன். அண்ணன் கூப்பிட வேண்டும்.

அப்பா: 👍

ரேவதி: இது சித்தப்பாவுக்கா, கேக்குக்கா?