நெல்லைச் சொந்தங்கள் குரூப்: பல் வெளுக்க எந்தத் தேதி?

கோமதி அத்தை, காலை 6:52
காந்திமதி, பிரியாவுக்குப் பல்லு லேசா மஞ்சளா இருக்குல்லா. கல்யாணத்துக்கு இன்னும் 26 நாள் கிடக்கு. முந்தின நாள் கிளினிக்ல வெளுத்துட்டா போட்டோல பளிச்சுன்னு இருக்குமா?

காந்திமதி (பல் டாக்டர்), 7:05
முந்தின நாள் வேண்டவே வேண்டாம் அத்தை. வெளுத்து எந்திரிக்கும்போது பல்லு காஞ்சு போயிருக்கும், அதனால உள்ளதைவிட வெள்ளையாத் தெரியும். ஈரம் திரும்ப ஏறினதும் கொஞ்சம் இறங்கி, ஒண்ணு ரெண்டு வாரத்துல ஒரு நிறத்துல நிக்கும். அதுதான் உண்மையான நிறம்.
கூச்சமும் முதல் ரெண்டு நாள்தான் அதிகம். சும்மா இருக்கும்போதே சுருக் சுருக்குன்னு கரண்டு அடிச்ச மாதிரி இழுக்கும். மணமேடையில உக்காந்துக்கிட்டு அதைத் தாங்க முடியாது.

கோமதி அத்தை, 7:08
அப்போ எப்பம் போகணும்?

காந்திமதி, 7:14
இன்னைக்கு சாயந்தரமே பல்லைக் காட்டி ஸ்கேலிங் (பல்லுல படிஞ்ச காரையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுறது) முடிச்சிருங்க. சொத்தை, விரிசல், ஈறு இறங்கி வேர் தெரியுற இடம் எல்லாம் முதல்ல பாக்கணும். சொத்தையை அடைக்காம வெளுத்தா, வெளுக்குற ஜெல் உள்ள போய் நரம்பை வாட்டிரும். டீக்கறை, வெத்தலைக்கறை மட்டும்னா ஸ்கேலிங்லயே போயிரும், வெளுக்கவே வேண்டாம்.
ஸ்கேலிங் அன்னைக்கே வெளுக்கக் கூடாது. ஈறு புண்ணா இருக்கும், ஒரு வாரம் ஆறட்டும்.

முருகன் அண்ணன் (மருந்துக்கடை), 7:20
இன்னைல இருந்தே கூச்சத்துக்கான பேஸ்ட்ல ரெண்டு வேளை விளக்கட்டும். அட்டையில பொட்டாசியம் நைட்ரேட் 5% இருக்கான்னு பாத்து வாங்குங்க. அது நரம்பை அமர்த்துறதுக்குக் கொஞ்ச நாள் எடுக்கும், வெளுத்த பிறகு வாங்குனா லேட்டு.
இன்னொண்ணு, குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல கொப்பளிக்கக் கூடாது. அதுவே பழுப்புக் கறை விடும்.

சொக்கலிங்கம் மாமா, 7:31
கரித்தூளுல எலுமிச்சை பிழிஞ்சு தேச்சா 3 நாள்ல வெளுக்கும்னு ஒரு வீடியோ சுத்துதே?

காந்திமதி, 7:36
தயவுசெஞ்சு அதை யாருக்கும் அனுப்பாதீய மாமா. எலுமிச்சை பல்லோட மேல் ஓடான எனாமலை இளக்கும், கரித்தூள் அதைச் சுரண்டும். எனாமல் தேஞ்சா அடியில இருக்க டென்டின் தெரியும். டென்டினோட நிறமே மஞ்சள்தான். போன எனாமல் திரும்ப முளைக்காது.

சொக்கலிங்கம் மாமா, 7:38
சரிம்மா, அழிச்சிருதேன். லேசர் லைட்டுன்னு போர்டு வச்சிருக்காவளே, அதுலயா வெளுக்குது?

காந்திமதி, 7:45
வெளுக்குறது ஜெல்தான். அதுல ஹைட்ரஜன் பெராக்சைடு 35 இல்லன்னா 40 சதவீதம் இருக்கும். எனாமல் வழியா ஊடுருவி, உள்ள இருக்க நிறமிகளை உடைக்கும். லைட்டு இல்லாட்டாலும் வேலை நடக்கும். சூடு தர்ற லைட்டா இருந்தா கூச்சம்தான் கூடும். லைட்டுக்காகக் கூடுதல் காசு குடுக்க வேண்டாம்.

பிரியா, 8:02
மதினி, நாற்காலியில உக்காந்த பிறகு என்ன பண்ணுவாங்க?

கல்யாணி அக்கா (டெண்டல் அசிஸ்டென்ட்), 8:15
முதல்ல 16 நிற மாதிரி இருக்க பட்டையைப் பல்லோட ஒட்டிப் பாத்து, நிறத்தைக் குறிச்சு போட்டோ எடுப்போம். லிப்ஸ்டிக் போட்டு வராத, நிறம் தப்பாத் தெரியும்.
அப்புறம் உதட்டை விரிச்சு வைக்க ஒரு பிளாஸ்டிக், கண்ணுக்குக் கண்ணாடி. ஈறைத் துடைச்சுக் காய வச்சு, அது மேல பசை மாதிரி ஒரு மருந்தைப் பூசி லைட் காட்டிக் கெட்டியாக்குவோம். இதுதான் வரப்பு. இதுல பொத்தல் விழுந்தா ஜெல் ஈறுல கசியும். எரிஞ்சா உடனே கையைத் தூக்கு, பொறுத்துக்கிட்டு இருக்காத.
ஜெல்லை 1, 2 மில்லிமீட்டர் கனத்துல பூசி 15 நிமிஷம், சில கம்பெனி ஜெல்லுக்கு 20. உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசா பூசுவோம். பெரும்பாலும் 3 தடவை. எல்லாம் சேத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். கூச்சம் தாங்கலைன்னா ரெண்டோட நிறுத்திக்கிடலாம். கடைசியில ஃப்ளோரைடு ஜெல்.

காந்திமதி, 8:19
ஈறுல வெள்ளையா ஒரு திட்டு தெரிஞ்சா பயப்படாத. பெராக்சைடு பட்ட இடம் அது. நல்லாத் தண்ணி விட்டுக் கழுவினா, லேசாப் பட்டது அன்னைக்கே நிறம் திரும்பிரும்.

பிரியா, 8:24
முன்பல்லுல சொத்தையை அடைச்ச ஒரு ஃபில்லிங் இருக்கு, மேல மாட்டுற கேப் இல்ல. அதுவும் வெளுக்குமா?

காந்திமதி, 8:33
இதை முதல்லயே சொல்லியிருக்கணும் ஏட்டி! ஃபில்லிங், கேப் எதுவும் வெளுக்காது. சுத்தி இருக்க பல்லு வெளுத்ததும் ஃபில்லிங் மஞ்சளாத் தனியாத் தெரியும், மாத்தித்தான் ஆகணும். ஆனா உடனே மாத்த முடியாது. வெளுத்த பல்லுக்குள்ள ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அது ஃபில்லிங் ஒட்டவிடாது. நிறமும் நின்னிருக்காது. 2 வாரம் விடணும்.
கணக்கு பாப்போம். இன்னைக்கு ஸ்கேலிங், 7 நாள் கழிச்சு வெளுப்பு, அப்போ கல்யாணத்துக்கு 19 நாள் இருக்கும். அதுல 14 போனா, 5 நாள் இருக்கையில ஃபில்லிங். ஸ்கேலிங்கை நாளைக்கு, நாளான்னைக்குன்னு தள்ளினா இந்த 5 நாளும் கரையும்.

கோமதி அத்தை, 8:36
இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்மா. வெளுத்த பிறகு சாப்பாடு?

கல்யாணி அக்கா, 8:44
48 மணி நேரம் டீ, காபி, சாம்பார், மஞ்சப்பொடி போட்ட குழம்பு, பீட்ரூட், கலர் சோடா கிடையாது. ரொம்பச் சூடு, ஐஸ் ரெண்டும் வேண்டாம். இட்லி, வெள்ளைத் தேங்காய்ச் சட்னி, இடியாப்பம் தேங்காய்ப்பால், தயிர்சாதம், வாழைப்பழம் தாராளமா.

கோமதி அத்தை, 8:46
தேங்காய்ப்பால்ல வைக்கிற சொதி?

கல்யாணி அக்கா, 8:49
மஞ்சள் போடாம, ஆறவச்சுக் குடுங்க. கடைசியில பிழியுற எலுமிச்சை மட்டும் வேண்டாம், அந்த ரெண்டு நாளும் புளிப்பு பட்டா கூச்சம் கூடும். மறுவீட்டுச் சொதிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்ல.

முருகன் அண்ணன், 8:53
வலி மாத்திரையை ஐபுப்ரோஃபென்னு கேட்டு நீங்களா வாங்காதீய. வயித்துப்புண், வீசிங் இருக்கான்னு டாக்டர் கேட்டுட்டுத்தான் தரணும்.

சொக்கலிங்கம் மாமா, 9:01
வேர் சிகிச்சை பண்ணிக் கறுத்துப்போன ஒத்தப் பல்லுக்கும் இதேதானா?

காந்திமதி, 9:06
இல்ல மாமா, அது வேற. பல்லுக்குப் பின்பக்கம் திறந்து, உள்ளேயே மருந்து வச்சு மூடி, சில நாளுக்கு ஒருக்க மாத்தணும். எக்ஸ்ரே பாத்துட்டுச் சொல்லுதேன்.
அத்தை, 6 மணிக்கு வாங்க. பிரியாவுக்குப் பழைய பல் எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.