மேக்ரோ அமைப்பை முழுவதும் திறந்துவிட்டும் வேர்டில் சிவப்புப் பட்டை நீங்கவில்லை

பாரிமுனைத் தட்டச்சர் (கேள்வி)

வணக்கம். தம்பு செட்டித் தெருவில், வழக்கறிஞர்களுக்கு மனுக்களும் பத்திரங்களும் தட்டச்சு செய்து தரும் சிறிய டி.டி.பி. கடை நடத்தி வருகிறேன். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், எங்கள் கடையின் பழைய கோப்புகள் அதற்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டேம் எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன. அவற்றை மாற்றுவதற்காக நண்பர் ஒருவர் வேர்டுக்குள் ஓடும் சிறு நிரலான மேக்ரோ ஒன்றை எழுதி, மேக்ரோவைத் தாங்கும் ‘டாக்எம்’ வகைக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினார். புதிய கணினியில் அதைத் திறந்தால், மேக்ரோக்கள் தடுக்கப்பட்டன என்று சிவப்புப் பட்டை ஒன்று வருகிறது. முன்பு மஞ்சள் பட்டையில் இருந்த ‘எனேபிள் கன்டென்ட்’ பொத்தான் அதில் இல்லை. வேர்டின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள டிரஸ்ட் சென்டருக்குள் சென்று ‘எனேபிள் ஆல் மேக்ரோஸ்’ என்று மாற்றியும் பயனில்லை. ஆனால் அதே கோப்பைப் பழைய கணினியிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்தபோது தடையின்றி ஓடியது. ஒரே கோப்பு இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏன் என்று விளங்கவில்லை.

பெருங்குடி கணினிப் பராமரிப்பாளர்

ஐயா, நீங்கள் மாற்றிய அமைப்புக்கும் அந்தச் சிவப்புப் பட்டைக்கும் தொடர்பில்லை. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒரு கோப்பை இறக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பை விண்டோஸ் அதனுடன் மறைவாக ஒட்டிவைக்கிறது. அந்தக் குறிப்பில் இணையத்தைக் குறிக்கும் எண் 3. அந்தக் குறிப்பு உள்ள கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. ஜூலையில் சிறிது நிறுத்திவைத்து, அதே மாதத்தில் மீண்டும் நடைமுறைப்படுத்தியது. 1999-இல் மெலிசா என்ற மேக்ரோ வைரஸ் மின்னஞ்சல் வழியாகப் பரவிய காலம் தொட்டு, மேக்ரோ எச்சரிக்கையைப் படிக்காமலே பொத்தானை அழுத்துவது நம் எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்டதே இதற்குக் காரணம்.

பென்டிரைவின் புதிரும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அந்தக் குறிப்பு, விண்டோஸ் வட்டுகளில் கோப்புகளைச் சேமிக்கும் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த வட்டில்தான் நிற்கும். பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால், கோப்பை அதில் நகலெடுத்ததும் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. கோப்பு பாதுகாப்பானதாக மாறிவிடவில்லை. அதன் ஊர்ப்பெயர் மட்டும் அழிந்துபோயிற்று. இதில் நான் கவலைப்படுவது உங்கள் நண்பரின் கோப்பைப் பற்றியன்று. நாள்தோறும் கட்சிக்காரர்களின் பென்டிரைவ்கள் ஏறி இறங்கும் கடையில் ‘எனேபிள் ஆல் மேக்ரோஸ்’ என்று வைத்திருப்பதால், குறிப்பு உதிர்ந்த எந்தக் கோப்பின் மேக்ரோவும் உங்களைக் கேட்காமலே ஓடும். சிவப்புப் பட்டையை நீக்க உதவாத அந்த மாற்றம், பென்டிரைவ் பக்கத்துக் கதவை மட்டும் அகலத் திறந்து வைத்திருக்கிறது. உடனே ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், மேக்ரோ செட்டிங்ஸ் என்று சென்று, அறிவிப்புடன் முடக்கும் இரண்டாவது தெரிவுக்குத் திரும்புங்கள்.

பிறகு வேர்டை மூடிவிட்டு, அந்த ஒரு கோப்பின் மீது மட்டும் வலச்சொடுக்கி, புராபர்ட்டீஸ் பெட்டியின் ஜெனரல் தாவலில் கீழே உள்ள ‘அன்பிளாக்’ கட்டத்தைத் தெரிவுசெய்து ஓகே கொடுங்கள். கோப்பு ஜிப் வடிவில் வந்திருந்தால், பிரிப்பதற்கு முன்பே ஜிப்புக்கு இதைச் செய்துவிடுங்கள்.

மயிலாப்பூர் மெய்ப்பாளர்

தடையை நீக்குவதற்கு முன் மேக்ரோவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நண்பர் அனுப்பியது என்பது மட்டும் போதாது. சிவப்புப் பட்டை இருக்கும்போதே ஆல்ட்டும் எஃப்11-உம் சேர்த்து அழுத்தினால் நிரல் தெரியும். கோப்பைத் திறந்தவுடன் தானாக ஓடும் ‘ஆட்டோஓபன்’, ‘டாக்குமென்ட்_ஓபன்’ ஆகியவையும், வெளி நிரல்களை இயக்கும் ‘ஷெல்’ என்ற சொல்லும் எழுத்துரு மாற்றும் மேக்ரோவில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. அதற்கு மாறாக, ‘சிஎச்ஆர்டபிள்யூ’ என்ற சொல்லும் அதனருகே 2949 போன்ற எண்களும் வரிவரியாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த நிரல் திருத்தியில் தமிழ் எழுத்துகளைத் தட்டினால் பெரும்பாலும் கேள்விக்குறிகளாகிவிடும் என்பதால், ‘அ’வை 2949 என்ற எண்ணால் குறிக்கிறார்கள். நானும் முதன்முறை பார்த்தபோது ஏதோ சூனியம் என்றே நினைத்தேன்.

பாரிமுனைத் தட்டச்சர்

இருவருக்கும் நன்றி. நிரலைப் படித்தேன்; எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. தடையை நீக்கியதும் மேக்ரோ ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பழைய மனுவையும் இந்தக் கோப்பில் ஒட்டி மாற்ற வேண்டியிருக்கிறது. மேலும், என் உதவியாளர் கொண்டுவரும் அலுவலக மடிக்கணினியில் மேக்ரோ அமைப்புகள் மங்கலாகத் தெரிகின்றன, மாற்ற முடியவில்லை.

பெருங்குடி கணினிப் பராமரிப்பாளர்

மங்கலாக இருந்தால், அந்த அலுவலகத்தின் நிர்வாகக் கொள்கை அதைப் பூட்டியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், அது உங்கள் கடைக் கணினி அன்று.

மேக்ரோவைக் கோப்புக்குள் வைத்திருப்பதே உங்கள் சிக்கலுக்கு வேர். அந்தக் கோப்பை ‘டாட்எம்’ வகை வார்ப்புருவாக (டெம்ப்ளேட்) சேமித்து, வேர்டின் ஸ்டார்ட்அப் கோப்புறையில் வையுங்கள். கோப்புறையின் இடத்தை ஆப்ஷன்ஸ் பகுதியில் அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில் உள்ள ‘ஃபைல் லொகேஷன்ஸ்’ காட்டும். அது தொடக்கத்திலேயே நம்பகமான இடங்களின் பட்டியலில் இருப்பதால், வேர்டைத் திறந்தவுடன் மேக்ரோ எல்லா ஆவணங்களுக்கும் ஆயத்தமாக இருக்கும். ஆவணங்கள் மேக்ரோ இல்லாத ‘டாக்எக்ஸ்’ ஆகவே இருக்கலாம். சிலர் டவுன்லோட்ஸ் கோப்புறையையே நம்பகமான இடமாகச் சேர்த்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். நிரலில் ‘திஸ்டாக்குமென்ட்’ என்று இருந்தால் அது வார்ப்புருவையே குறிக்கும் என்பதால், ‘ஆக்டிவ்டாக்குமென்ட்’ என்று மாற்ற வேண்டும்.

பாரிமுனைத் தட்டச்சர்

இரண்டு இடங்களில் ‘திஸ்டாக்குமென்ட்’ இருந்தது, மாற்றிவிட்டேன். கடையின் மூன்று கணினிகளிலும் இப்போது வேலை நடக்கிறது. இன்று காலை ஒரு கட்சிக்காரரின் பென்டிரைவிலிருந்து திறந்த வாடகை ஒப்பந்தத்தில் மஞ்சள் பட்டை வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் மேக்ரோ எதற்கு என்று அவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பொத்தானை அழுத்தாமல், எழுத்தை மட்டும் நகலெடுத்து அச்சிட்டுக் கொடுத்தேன்.