பஃப்ஸ் கொழுப்பில் நொதிக்கு என்ன வேலை?

கேள்வி (பேக்கரி உரிமையாளர்):
வணக்கம். பஃப்ஸ் மாவை மடிக்க நாங்கள் வாங்கும் கொழுப்பின் பெட்டியில், முன்பு 'ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெய்' என்றிருந்த இடத்தில் இப்போது 'இன்டர்எஸ்டரிஃபைடு தாவரக் கொழுப்பு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது நொதி கொண்டு செய்தது என்கிறார் விற்பனையாளர். அந்த நொதி கொழுப்பிலேயே தங்கிவிடுமா? குழந்தைகளுக்கு வாங்குபவர்கள் கேட்கும்போது சரியான பதிலைச் சொல்ல விரும்புகிறேன்.

பதில் 1 (எண்ணெய் ஆலையில் பணிபுரிபவர்):
தங்காது. எந்த எண்ணெயானாலும் அதன் மூலக்கூறு, ஒரு கிளிசரால் மீது மூன்று கொழுப்பு அமிலங்கள் அமர்ந்த அமைப்புதான். லிப்பேஸ் என்னும் நொதி அந்த அமிலங்களைக் கழற்றி வேறு இடங்களில் மாற்றி அமர்த்துகிறது, புதிய அமிலம் எதையும் உண்டாக்குவதில்லை. 'இன்டர்எஸ்டரிஃபைடு' என்பது இப்படி இடம் மாற்றிய கொழுப்பைத்தான். பாமாயிலின் கெட்டிப் பகுதியான ஸ்டியரினைத் திரவ எண்ணெயுடன் கலந்து, ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில், சிலிக்கா மணிகளில் பிணைத்த லிப்பேஸ் நிரம்பிய உருளைகளின் வழியே மெல்ல ஓட விடுவோம். மணிகள் உருளையிலேயே நின்றுவிடும். வெளியேறும் கொழுப்பை அதன் பிறகு 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நீராவி செலுத்தி வாடை நீக்குகிறோம். வெறுமனே கலந்த மாதிரி ஆறும்போது மணல்போல் குருணை தட்டி, நாக்கில் மெழுகாக ஒட்டும். உருளையைக் கடந்து வந்ததோ வழவழப்பாக உறையும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

பதில் 2 (உணவுத் தொழில்நுட்ப மாணவி):
நொதிக்குப் பதிலாகச் சோடியம் மெத்தாக்சைடு என்னும் வேதிப்பொருள் கொண்டு இதே இடமாற்றத்தைச் செய்யும் வேதிமுறையும் உண்டு. அதில் அமிலங்கள் மூன்று இடங்களிலும் கண்டபடி கலந்துவிடும், நிறமும் கருக்கும். ஆகவே கழுவி வெளுக்க வேண்டியிருக்கும். நொதிமுறையில் அந்தச் சுமை குறைவு. ஆனால் எண்ணெயில் அது கெடும்போது உருவாகும் பெராக்சைடோ, நிறம் நீக்கப் பயன்படும் வெளுப்பு மண்ணின் அமிலமோ எஞ்சியிருந்தால் லிப்பேஸ் செயலிழந்துவிடும் என்பதால், உள்ளே போகும் எண்ணெய் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். ஓரங்களிலுள்ள 1, 3 ஆகிய இடங்களை மட்டும் தொடும் லிப்பேஸ்களும் இருக்கின்றன. தாய்ப்பாலில் பால்மிடிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் பெரும்பாலும் நடுவிடத்தில் அமைந்திருப்பதைப் போன்ற கொழுப்பைக் குழந்தைப் பால்மாவுக்காக அவற்றைக் கொண்டே உருவாக்குகிறார்கள்.

பதில் 3 (உணவியலாளர்):
வாடிக்கையாளரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு குறைந்தது உண்மை, நிறைவுற்ற கொழுப்பு குறையவில்லை. ஹைட்ரஜன் சேர்த்து எண்ணெயைக் கெட்டியாக்கும் பாதி ஹைட்ரஜனேற்றம்தான் டிரான்ஸைப் பெருமளவில் உண்டாக்கியது; இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 சதவீதமே உச்சவரம்பு வைத்ததால்தான் பல ஆலைகள் இம்முறைக்கு வந்தன. மாவு மடிப்புக் கொழுப்பு கெட்டியாக நிற்க ஸ்டியரின் தேவை; ஆகவே பெட்டியிலுள்ள நிறைவுற்ற கொழுப்பின் அளவையும் பாருங்கள். 'இன்டர்எஸ்டரிஃபைடு' என்ற சொல் நொதிமுறையா வேதிமுறையா என்பதைத் தெரிவிக்காது. அதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.