முகாமில் 9.8, மறுநாள் லேபில் 12.4

தண்டையார்பேட்டை அம்மா | ஞாயிறு இரவு 9:40

இன்று காலை பெரம்பூர்ப் பறவை என்பவர் இங்கே எழுதியது: "13 வயது ஆன பிள்ளைக்கு வருஷம் ஒரு தடவை முழு உடல் பரிசோதனை செய்யாத பெற்றோர் பொறுப்பற்றவர்கள். 72 டெஸ்ட், ஒரே ஊசி, அப்புறம் கவலையே இல்லை." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

பொறுப்போடுதான் போன மாதம் என் மகளை அழைத்துப் போனேன். 14 வயது, ஒன்பதாவது படிக்கிறாள். தெருமுனையில் ஷாமியானா போட்டு முகாம். விரலில் குத்தினார்கள், ரத்தம் வரவில்லை. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிதுக்கினார்கள். சீட்டில் ஹீமோகுளோபின் 9.8, பக்கத்திலேயே சிவப்பு மையில் "கடுமையான ரத்தசோகை". அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கு ரத்தப் புற்றுநோயாம்மா?" என்று கேட்டாள். மாமியார் ஈரல் வாங்க ஆள் அனுப்பிவிட்டார். மறுநாள் லேபில் கை நரம்பில் எடுத்துப் பார்த்தால் 12.4. இதில் யார் பொறுப்பற்றவர்?

பெரம்பூர்ப் பறவை | 9:58

ஒரே ராத்திரியில் 2.6 ஏறியிருக்கிறது. உங்கள் மாமியார் வாங்கிய ஈரலுக்கு நோபல் பரிசே கொடுக்கலாம். லேப் தப்பாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

பழைய லேப்காரன் | 10:21

31 வருஷம் ரத்தம் எடுத்தவன் சொல்கிறேன், லேப் தப்பில்லை. பிதுக்கியதுதான் தப்பு. விரலை அழுத்திப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுவில் இருக்கிற நீரும் சேர்ந்து வரும். பாலில் தண்ணீர் கலந்த கதைதான், எண் இறங்கிவிடும். நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனியில் நடுவே இல்லாமல் சற்று ஓரமாகக் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த சொட்டு தானாக வர வேண்டும். கை ஜில்லென்று இருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்கணும்.

இன்னொன்று. 9.8 கடுமையே இல்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. 11 முதல் 11.9 வரை லேசு, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8க்குக் கீழேதான் கடுமை. சிவப்பு மையில் எழுதியவருக்கு இதுவும் தெரியவில்லை, விரல் பிடிக்கவும் தெரியவில்லை.

அம்மா, எந்த விரலில் குத்தினார்கள்?

வார்டு அக்கா | 10:47

அண்ணே, ஏசி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக எடுப்பது வேறு. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் 120 பிள்ளைகளைப் பார்ப்பது வேறு. நானும் குத்துகிறவள்தான். நாங்கள் பிதுக்குவதில்லை.

முகாமில் குறைவாக வந்தால் "போய் உறுதி செய்துகொள்" என்று அர்த்தம், நோய் என்று அர்த்தமில்லை. அந்தச் சீட்டில் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

எண்ணூர் அலை | 10:52

"நாங்கள் பிதுக்குவதில்லை." ஆமாம், மெதுவாக மசாஜ் பண்ணுவார்கள்.

வார்டு அக்கா | 10:55

உங்கள் விரலைக் கொண்டு வாங்க தம்பி, காட்டுகிறேன்.

பெரம்பூர்ப் பறவை | 11:10

ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊரையே திசைதிருப்புகிறார்கள். நான் சொன்னது முழு உடல் பரிசோதனை. என் அக்கா மகனுக்கு 17 வயது, ஜிம் பையன், பார்த்தால் சிங்கம் மாதிரி இருப்பான். செக்கப்பில் பி.பி. 150/100. அதைத் தொடர்ந்து பார்த்ததில்தான் சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரிந்து, இன்று வைத்தியத்தில் நன்றாக இருக்கிறான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

வியாசை விங்கர் | 11:18

பையன் நலமாக இருப்பது சந்தோஷம் சார். ஆனால் பி.பி. பார்க்க ஒரு துணிப்பட்டையும் இரண்டு நிமிஷமும் போதும். மீதி 71 டெஸ்ட் எதற்கு?

பழைய லேப்காரன் | 11:49

எதற்கு என்று நான் சொல்கிறேன். லேப் சீட்டில் "நார்மல்" என்று ஒரு வரம்பு அச்சடித்திருக்கிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் அடங்குகிற மாதிரி வைத்தது. அதாவது ஒன்றுமே இல்லாத 5 பேர் ஒவ்வொரு டெஸ்டிலும் வெளியே நிற்பார்கள். 72 டெஸ்ட் எடுத்தால் நல்லா இருக்கிற பிள்ளைக்கும் சராசரியாக மூன்று நான்கு எண்கள் தடித்த எழுத்தில் வரும். வந்ததும் ஸ்கேன், ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன்.

அந்தப் பட்டியலில் கேன்சர் மார்க்கர், அதாவது ரத்தத்தில் புற்றுநோய்க்கான அடையாளம் தேடுகிற டெஸ்ட் வேறு சேர்க்கிறார்கள். அதில் ஒன்றான சி.ஏ. 125 மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். 14 வயதுப் பெண்ணுக்கு அதை எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்? தென்கொரியாவில் பெரியவர்களுக்குத் தைராய்டு ஸ்கேனை ஊரெல்லாம் எடுத்தார்கள். 1993க்கும் 2011க்கும் நடுவில் கண்டுபிடித்த தைராய்டு புற்றுநோய் சுமார் 15 மடங்கு ஏறியது. அதனால் சாவு குறையவில்லை, அது பழைய இடத்திலேயே நின்றது. கழுத்தில் தழும்பும் தினமும் மாத்திரையும்தான் மிச்சம்.

இதெல்லாம் இருக்கட்டும். பிதுக்கவில்லை என்று அக்கா சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. 31 வருஷத்தில் பிதுக்காத முகாமை நான் பார்த்ததில்லை.

வார்டு அக்கா | திங்கள் காலை 6:15

டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். 31 வருஷம், 31 வருஷம் என்று இது எத்தனாவது தடவை? நீங்கள் போன வருஷமே கொசு மருந்து விவாதத்தில் என்னை "புத்தகப் படிப்பு" என்று சொன்னவர்தானே? மறக்கவில்லை.

முகாமே வேண்டாம் என்கிற மாதிரி பேசுகிறவர்களுக்கு ஒன்று. போன மாதம் எட்டாவது படிக்கிற ஒரு பையன். கடைசி பெஞ்ச், மக்கு என்று பேர். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி 6 மீட்டரில் நிறுத்தி ஒரு கண்ணை மூடச் சொன்னேன். மேலே இருக்கிற பெரிய எழுத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான், போர்டையே பார்த்ததில்லை. கண்ணாடி போட்ட அன்று வாசலில் நின்று எதிர்க் கடைப் பெயர்ப் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். இதற்கு 72 டெஸ்ட் தேவைப்படவில்லை. ஷாமியானாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் தேவைப்படவில்லை.

2013லிருந்து பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிற அரசுத் திட்டம் இருக்கிறது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகை. எதைக் கண்டுபிடித்தால் வைத்தியம் செய்ய முடியுமோ அதைத்தான் தேடுகிறோம்.

தண்டையார்பேட்டை அம்மா | 7:30

கண் பரிசோதனையை யார் குறை சொன்னார்கள்? என் பிள்ளை விரலைப் பிதுக்கினார்கள், அதைக் கேட்கிறேன்.

வியாசை விங்கர் | 8:05

வீண் பயம் கிளப்பிய அனுபவம் எனக்கும் உண்டு. என்னிடம் பந்தாட்டம் பழகுகிற பிள்ளைகளுக்கு இ.சி.ஜி. எடுத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார். இத்தாலியில் 1982லிருந்து போட்டி விளையாட்டுக்காரர்களுக்கு இதய சோதனை கட்டாயமாம். நாமும் எடுப்போமே என்று எடுத்தோம். என்னிடம் இருக்கிறதிலேயே நல்ல ஆட்டக்காரப் பையனுக்குக் கோடு சரியில்லை என்றார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவே மாசக்கணக்கு. கடைசியில் எக்கோ நார்மல். தினமும் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளின் இ.சி.ஜி. கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கும் என்று அப்புறம் டாக்டர் சொன்னார். அதற்குள் டோர்னமெண்ட் முடிந்துவிட்டது. பையன் டச் லைனுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பெரம்பூர்ப் பறவை | 8:20

அதே பையன் மைதானத்தில் சுருண்டு விழுந்திருந்தால் "ஏன் எடுக்கவில்லை" என்று நீங்களே பதிவு போட்டிருப்பீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு எதிலும் அலட்சியம்.

வியாசை விங்கர் | 8:22

"வடசென்னைக்காரர்களுக்கு" என்று சொல்ல நீங்கள் யார்? பெரம்பூரில் பால்கனியில் நின்று பார்ப்பதெல்லாம் வடசென்னை ஆகிவிடுமா?

பெரம்பூர்ப் பறவை | 8:26

தம்பி, உங்கள் வியாசையே, அதாவது வியாசர்பாடியே, பெரம்பூர் சட்டமன்றத் தொகுதியில்தான் வருகிறது. வாக்காளர் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

வியாசை விங்கர் | 8:27

சீட்டில் பேர் இருந்தால் ரத்தத்தில் இருக்கிறதா?

எண்ணூர் அலை | 8:31

ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க விரலைப் பிதுக்குங்கள்.

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு ராத்திரியானால் இளைப்பு. எல்லாவற்றையும் டெஸ்ட் பண்ண வருகிறார்கள், காற்றை மட்டும் யாரும் டெஸ்ட் பண்ண மாட்டேன் என்கிறார்கள். அது யாருடைய பேக்கேஜில் வருகிறது?

பழைய லேப்காரன் | 9:40

விஷயத்துக்கு வருவோம். தொகுதிச் சண்டையை வேறு இடத்தில் போடுங்கள்.

நான் முகாம் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களில் 31.1. பத்தில் ஆறு பெண்களுக்கு இருக்கிற ஒன்றைத் தேடாமல் விடுவது மடத்தனம். தேடுங்கள், ஒழுங்காகத் தேடுங்கள். நரம்பில் எடுத்து மெஷினில் போடுவதுதான் முறை. விரல்தான் வழி என்றால் பிதுக்காதீர்கள். இதைத்தான் நேற்று ராத்திரியிலிருந்து சொல்கிறேன், ஒருவருக்கும் ஏறவில்லை.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு குழாயில் ரத்தத்தை உறிஞ்சி, ஆசிட்டில் கலந்து, தண்ணீர் விட்டுவிட்டு நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு எண் சொல்வோம். அந்தக் காலத்திலேயே பிதுக்கினால் மேஸ்திரி திட்டுவார். மேஸ்திரி என்றால் எங்கள் சீனியர் டெக்னீஷியன், அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

பெரம்பூர்ப் பறவை | 9:52

59.1 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆக என் கட்சிதான் ஜெயித்தது. அந்த அம்மாவின் மகளுக்கும் 9.8தான் உண்மை, 12.4 லேப் தப்பு. பத்தில் ஆறு.

பழைய லேப்காரன் | 9:55

கணக்கெடுப்பில் பத்தில் ஆறு என்றால் இந்தப் பெண்ணுக்கும் இருக்கிறது என்று அர்த்தமா? இது எந்த ஊர் கணக்கு?

பெரம்பூர்ப் பறவை | 9:56

பெரம்பூர் கணக்கு. பால்கனியில் நின்று போட்டது.

வார்டு அக்கா | மதியம் 2:10

இன்றைக்கு மட்டும் 94 விரல் குத்தினேன். ஒன்றைக்கூடப் பிதுக்கவில்லை. வகுப்பு டீச்சர் சாட்சி.

எண்ணூர் அலை | 2:14

94 விரலும் சாட்சி சொல்லுமா அக்கா?

தண்டையார்பேட்டை அம்மா | மாலை 5:30

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி, பதில் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். 12.4 வந்துவிட்டதே, இனி எதற்கு என்று இவள் வாங்காமல் திரும்பி வருகிறாள். வாங்கச் சொல்லவா, விடவா?

வார்டு அக்கா | 5:48

வாங்கச் சொல்லுங்கம்மா. அது ரத்தசோகை வந்தவர்களுக்கு மட்டும் இல்லை, வராமல் இருக்க அந்த வயதில் எல்லாருக்கும் கொடுப்பது. வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டபின் போடட்டும்.

பெரம்பூர்ப் பறவை | 5:53

பார்த்தீர்களா, கடைசியில் மாத்திரைதான். 9.8 இல்லையென்றால் மாத்திரை எதற்கு?

வியாசை விங்கர் | 5:54

சார், அக்கா எழுதியதைப் படித்தீர்களா?

பெரம்பூர்ப் பறவை | 5:56

நான் உங்கள் தொகுதிக்காரன், எனக்குப் படிக்கத் தெரியும்.

பழைய லேப்காரன் | இரவு 7:20

எந்த விரல் என்று கேட்டேன். இன்னும் யாரும் சொல்லவில்லை.