கிராம் அளவை ஸ்பூன் கணக்கிற்கு மாற்றுவது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே பிரெட் செய்யும் ஆசையில், 500 கிராம் மைதாவுக்கு 10 கிராம் தூள் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 25 கிராம் சர்க்கரை, 30 கிராம் வெண்ணெய் என்று இருந்த ஒரு குறிப்பைப் பின்பற்றினேன். மைதா அரைக் கிலோ பாக்கெட்டாகவே இருந்தது. என்னிடம் தராசு இல்லாததால் மற்றவற்றை, ஒரு ஸ்பூன் 5 கிராம் என்ற கணக்கில், தலை தட்டி அளந்து போட்டேன். அதன்படி உப்பு இரண்டு ஸ்பூன், ஈஸ்ட் ஒரு ஸ்பூன். இரண்டு மணி நேரம் மூடி வைத்தும் மாவு சரியாக உப்பவில்லை. வெந்த பிரெட் கல்லாக இருந்தது, உப்பும் கரித்தது. எங்கே தவறு நேர்ந்தது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
டீஸ்பூன் என்பது 5 மில்லி கொள்ளும் அளவே தவிர, 5 கிராம் எடை அன்று. தண்ணீருக்குத்தான் இரண்டும் ஒன்றாக வரும். தலை தட்டிய ஒரு டீஸ்பூனில் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம், சர்க்கரை 4 கிராம், ஈஸ்ட் 3 கிராம் பிடிக்கும். எனவே உங்கள் குறிப்புக்கு ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று மேலாகவும், உப்பும் கிட்டத்தட்ட அதே அளவாகவும் தேவை. சர்க்கரையும் வெண்ணெயும் இரண்டிரண்டு டேபிள்ஸ்பூன் போதும். ஈஸ்ட் குறைந்ததுதான் மாவு உப்பாததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்ன எடைகள் சரியானவை. ஆனால் அவை அளவு ஸ்பூனுக்கே பொருந்தும். நம் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இருமல் மருந்து பாட்டிலுடன் வரும், மில்லி கோடு போட்ட சிறு மூடியை நன்றாகக் கழுவி, உங்கள் ஸ்பூனில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். கல் உப்பானால் எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம், ஏனெனில் பரலின் பருமனைப் பொறுத்து அதன் எடை மாறிவிடும். இன்னொரு வழியும் உண்டு: 50 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டும்போது, தலை தட்டிய ஸ்பூனாக எண்ணிக்கொண்டே கொட்டினால், உங்கள் ஸ்பூனில் அந்தத் தூள் எத்தனை கிராம் பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். நான் இப்படிக் கண்ட எடையைச் சிறு காகிதத்தில் எழுதி ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டி வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் குறிப்பானால் அது எந்த நாட்டுடையது என்றும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற பல நாடுகளில் 15 மில்லி.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மருந்து மூடியால் மூன்று முறை அளந்தேன்; என் ஸ்பூனில் 7 மில்லி பிடிக்கிறது.

மறுமொழி 2 எழுதியவர்:
அப்படியானால் ஈஸ்ட் 4 கிராமுக்கு மேலேயே விழுந்திருக்கிறது. அது பெரிய குறை அன்று. உப்புதான் 10 கிராமுக்குப் பதிலாக ஏறத்தாழ 17 கிராம் விழுந்து, ஈஸ்ட்டை வேலை செய்யவிடாமல் அடக்கியிருக்கிறது. அடுத்த முறை அதே ஸ்பூனில் உப்பு ஒன்றேகால் ஸ்பூனுக்கு மிகாமலும், ஈஸ்ட் அதைவிடச் சிறிது குறைவாகவும் போட்டுப் பாருங்கள்.