மறு: பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு 'முன்கதைக் காலம்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'ஹேட் லெஃப்ட்', 'ஹேட் கான்' என்று 'ஹேட்' சேர்ந்து வருகிற பாஸ்ட் பெர்ஃபெக்ட் வினைவடிவத்துக்குத் தமிழில் 'முன்கதைக் காலம்' என்று பெயர் வைக்கலாம் என்றேன். அதற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இது பதில்.

> 'முற்றுப்பெற்ற கடந்தகாலம்' என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா கேட்டது நியாயம்தான். நான் தருமபுரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பெயர் அவர்களிடம் எடுபடவில்லை. 'முற்று' என்றதும் தமிழ் வகுப்பில் படித்த வினைமுற்றுதான் நினைவுக்கு வருகிறது. "'வந்தான்' என்பதும் முடிந்துபோன செயல்தானே, அது முற்றுப்பெறவில்லையா?" என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. லத்தீன் இலக்கணத்தில் இதற்கு 'முற்றினும் மிக்கது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்த 'முற்று' ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து, இங்கே ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் சொல்லோடு மோதுகிறது.

> தொலைவில் நடந்தது என்பதால் 'தொலைகடந்தகாலம்'?

இதை நான் ஏற்கமாட்டேன். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதை, ஆனாலும் ஆங்கிலத்தில் 'கேவ்' என்ற சாதாரண இறந்தகாலமே போதும். இன்று காலை நான் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்ந்தபோது ஒகேனக்கல் பஸ் கிளம்பியிருந்தது. ஐந்து நிமிட முன்பின்தான், அதற்கு 'ஹேட் லெஃப்ட்' வேண்டும். தூரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

பிள்ளைகளுக்கு நம் ஊர்க்கணக்கையே உதாரணமாக எழுதிப் போட்டேன். 1965-இல் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது. வரிசையாகச் சொன்னால் இரண்டுக்கும் சாதாரண இறந்தகாலமே போதும், 'ஹேட்' எங்கும் வராது. இப்போது கதையை 2004-இல் தொடங்குங்கள்: "கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தருமபுரி அதற்கு முன்பே சேலத்தை விட்டுப் பிரிந்திருந்தது." ஆண்டுகள் மாறவில்லை, சொல்லும் வரிசைதான் மாறியது. உடனே 'ஹேட்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1947-இல் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் இதை மூன்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார்: பேசுகிற நேரம், நாம் நின்று பார்க்கிற நேரம், செயல் நடந்த நேரம். நின்று பார்க்கிற நேரமே கடந்துபோனது, செயல் அதற்கும் முந்தியது.

அதனால்தான் 'முன்கதைக் காலம்' என்கிறேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் 'முன்கதைச் சுருக்கம்' படித்து வளர்ந்தவர்கள் நாம். நடக்கிற கதைக்கு முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது என்று விளக்காமலே புரியும். 'முன்னிறந்தகாலம்' என்றும் எழுதிப் பார்த்தேன். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் இன்று 'இறந்த' என்றாலே காதில் விழுவது சாவுதான்.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெயர் இன்னொரு விதத்திலும் உதவும். ஆங்கிலக் கதைகளில் பழைய நினைவு ஒன்று நீளமாக வந்தால், முதல் ஒன்றிரண்டு வாக்கியங்களில்தான் பெரும்பாலும் 'ஹேட்' இருக்கும். வாசகர் பின்னால் போய்விட்டார் என்று தெரிந்ததும் சாதாரண இறந்தகாலத்துக்கு இறங்கிவிடுவார்கள். நாமும் அப்படித்தான்: "அப்பா அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்தார்." ஒரே ஒரு 'இருந்தார்'. முன்கதைக்குள் நுழையும் வாசல் அது. வாசல் ஒன்று போதும் என்றால் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

ஆனால் 'இருந்த' வருகிற இடமெல்லாம் 'ஹேட்' என்று யாரும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். வகுப்பில் நான் அதிகம் திருத்தும் பிழை இதுதான். "நேற்று ஒகேனக்கல் போயிருந்தோம்" என்பது நல்ல தமிழ், போய்வந்துவிட்டோம் என்பதும் அதில் அடக்கம். அதை அப்படியே "எஸ்டர்டே வீ ஹேட் கான்" என்று எழுதுகிறார்கள். எந்தக் கதைக்கு முன்கதை இது? பின்னால் ஒன்றும் நடக்கவில்லையே! அங்கே 'வென்ட்' போதும். புதுப்பெயர் இருந்தால் இந்தக் கேள்வியை அவர்களே கேட்டுக்கொள்ள முடிகிறது.

> "இஃப் ஐ ஹேட் நோன்" மாதிரி வாக்கியங்களில் முன்கதை எதுவும் இல்லையே?

உண்மை, அங்கே நடக்காத ஒன்றைச் சொல்கிறோம். ஆனால் எந்தக் காலப் பெயரும் எல்லாப் பயன்பாட்டையும் மூடிவிடாது. வீட்டுக்குள்ளிருந்து "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறவர் இன்னும் வந்திருக்கமாட்டார். விரைவு தோன்ற இப்படி இறந்தகாலத்தில் சொல்வதைத் தொல்காப்பியம் விதியாகவே ஒப்புக்கொள்கிறது. அதற்காக இறந்தகாலத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை.

தமிழ் இலக்கணத்தில் நான்காவதாக ஒரு காலம் சேர்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை. இறப்பு, நிகழ்வு, எதிர்வு மூன்றும் அப்படியே இருக்கட்டும். இது ஆங்கில வடிவத்துக்கு நாம் தமிழில் வைக்கும் பெயர் மட்டுமே. 'முன்கதைக் கால வினை', 'முன்கதைக் கால வாக்கியம்' என்று நீட்டினாலும் நாக்கில் தடங்கவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற நண்பர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு வாரம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து